மானிப்பாயில் தமிழ் கற்ற மருத்துவம்

1858-இல் இலண்டனில் ஹென்றி கிரே எழுதிய உடற்கூற்று நூல் வெளிவந்தது. இன்றைக்கும் மருத்துவ மாணவர் கைகளில் புதிய புதிய பதிப்புகளாகப் புழங்கும் நூல் அது. அதை முதன்மையாகக் கொண்டு ஆக்கப்பட்ட ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872-இல் தமிழில் அச்சேறிவிட்டது. இடையில் கழிந்தவை 14 ஆண்டுகள்தாம். அப்போது கொழும்பு மருத்துவக் கல்லூரிக்கு வயது இரண்டு. அங்கே பாடமொழி ஆங்கிலம். சென்னையில் 1835 முதல் நடந்துவந்த மருத்துவப் பள்ளியிலும் தமிழ் பாடமொழியாக இருக்கவில்லை. எந்த அரசாங்கமும் கேளாத, எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தராத தமிழ்வழி மருத்துவப் படிப்புக்கு வேண்டிய நூல்கள் யாழ்ப்பாண நகரத்திலிருந்து சில கல் தொலைவிலுள்ள மானிப்பாய் என்ற ஊரில் ஆக்கப்பட்டன.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற பெயர் யாழ்ப்பாணத்தில் மறக்கப்படவில்லை. மானிப்பாயில் அவர் பெயரால் ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. கவிஞர் அம்பி 1967-இல் ‘கிறீனின் அடிச்சுவடு’ என்ற நூலை எழுதி, அவரைத் தமிழ் வாசகர் முன் மீண்டும் நிறுத்தினார். ஆனால் கிறீனைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் புகழ்ச்சியோடு நின்றுவிடுகிறோம்: அமெரிக்காவிலிருந்து ஒரு நல்லவர் வந்தார், தமிழைக் கற்றார், தமிழில் மருத்துவம் தந்தார் என்று. அந்தக் கதையில் அவரைச் சந்தேகித்தவர்களுக்கு இடமில்லை. அவரோடு உழைத்த தமிழர்களுக்கும் பெரிதாக இடமில்லை. இந்த இரு தரப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த முயற்சி எவ்வளவு கடினமானது, எந்த அளவுக்கு வென்றது, எங்கே நின்றுபோனது என்பது விளங்கும்.

கிறீன் 1822 அக்டோபர் 10-ஆம் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில், கிறீன் ஹில் என்ற குடும்ப நிலத்தில் பிறந்தவர். நியூயோர்க் நகரத்தின் திட்டமிடலில் பெரும்பங்கு வகித்த அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன் அவருடைய சகோதரர். 1845-இல் நியூயோர்க்கில் மருத்துவப் பட்டம் பெற்று, 1847-இல் அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். அவருக்கு முன்பே இரு மருத்துவர்கள் அங்கு பணி செய்திருந்தனர்: பண்டத்தரிப்பில் ஜோன் ஸ்கடர், வட்டுக்கோட்டையில் நேதன் வார்ட். கிறீனுக்கு வாய்த்த இடம் மானிப்பாய். 1848-இல் அங்கே மருந்தகத்தை நடத்திக்கொண்டே ஒரு சில இளைஞரைச் சேர்த்து மருத்துவ வகுப்பையும் தொடங்கினார்.

அந்த வகுப்பின் மொழி ஆங்கிலம். அது இயல்பானதும்கூட. வட்டுக்கோட்டையில் 1823 முதல் நடந்த மிஷன் செமினரி யாழ்ப்பாணத்து இளைஞர்களுக்கு ஆங்கிலத்தில் கணிதமும் வானியலும் தத்துவமும் கற்பித்துவந்தது. கிறீனிடம் வந்தவர்களில் பலர் அந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். ஆங்கிலப் பாடநூல் இருந்தது, அதைப் படிக்கத் தெரிந்த மாணவரும் இருந்தனர். ஓர் இளம் மருத்துவர் அதற்கு மேல் எதையும் தேட வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆயினும் 1850-களின் தொடக்கத்திலேயே கிறீன் மொழிபெயர்ப்பில் கை வைத்துவிட்டார். கல்வின் கட்டரின் உடற்கூறு, உடற்றொழில், சுகாதார நூல் 1857-இல் தமிழில் வெளிவந்தது. மோன்சலின் ‘பிரசவ வைத்தியம்’ அதே ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டிலேயே உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பினார். 1862-இல் அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், மார்கரெட் வில்லியம்சைத் திருமணம் செய்து மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். வந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் வகுப்பை முழுவதுமாகத் தமிழுக்கு மாற்றும் தீர்மானத்தை எடுத்தார்.

ஏறத்தாழப் பத்து ஆண்டு ஆங்கிலத்தில் கற்பித்து, அதன் பலனைக் கண்ணால் கண்டபின் எடுத்த தீர்மானம் அது என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ் மீதான காதலால் மட்டும் பிறந்ததன்று. ஆங்கிலத்தில் தேர்ந்த மாணவர்கள் ஊரில் நிற்கவில்லை. அரசாங்க உத்தியோகமும், மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்கள் செழித்திருந்த அக்காலத்தில் வெளி மாவட்டங்களில் கிடைத்த வேலைகளும் அவர்களை இழுத்துக்கொண்டன. சுழிபுரத்திலோ சங்கானையிலோ உடுப்பிட்டியிலோ ஒரு குடியானவனின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பார்ப்பதற்கு ஆளில்லை. மருத்துவனை உருவாக்கி ஊருக்குத் தருவதுதான் நோக்கமென்றால், அந்த நோக்கம் ஆங்கிலத்தால் தோற்றுக்கொண்டிருந்தது. தமிழில் படித்தவன் தமிழர் நடுவே இருப்பான் என்பது கிறீனின் கணக்கு. அவர்கள் உடையிலும் நடையிலும்கூட ஊராராகவே இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். கோட்டும் தொப்பியும் போட்ட மருத்துவனை நோயாளி அண்டத் தயங்குவான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்தத் திட்டத்தைச் சந்தேகித்தவர்கள் யார்?

முதலில் மாணவர்களே. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறில்லாத, மழையை நம்பிய, கிணற்று நீரில் புகையிலையும் வெங்காயமும் விளைவிக்கும் சிறு குடாநாடு யாழ்ப்பாணம். காணி தலைமுறைக்குத் தலைமுறை துண்டுபட்டுக்கொண்டே போகும். ஒரு குடும்பம் தலைநிமிர ஒரே வழி ஒரு பிள்ளை உத்தியோகம் பார்ப்பது. கோழி மேய்த்தாலும் கோறணமெந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்ற பழமொழி இந்த மண்ணில் ஆழ வேரூன்றியது. அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்த இளைஞனிடம், “நீ தமிழில் மருத்துவம் படி, கச்சேரியில் அதற்கு மதிப்பில்லை, சம்பளமும் நிச்சயமில்லை, ஆனால் உன் ஊருக்குப் பயன்படுவாய்” என்று சொன்னால் அவன் என்ன செய்வான்? ஆங்கிலம் கேட்டான். அவனுடைய தகப்பனும் ஆங்கிலமே கேட்டார்.

அடுத்தது, மொழியைப் பற்றிய சந்தேகம். இந்திய மொழிகளில் மேலை மருத்துவத்தைச் சொல்ல முடியாது என்ற முடிவு அப்போது அதிகாரபூர்வமான முடிவாகவே இருந்தது. கல்கத்தாவில் 1822-இல் தொடங்கிய உள்நாட்டு மருத்துவ நிறுவனம் நாட்டு மொழிகளில் கற்பித்துவந்தது. 1835-இல் பெண்டிங்க் பிரபு அதை மூடி, ஆங்கிலவழி மருத்துவக் கல்லூரியை நிறுவினார். பின்னாளில் அங்கே இந்துஸ்தானியிலும் வங்காளத்திலும் வகுப்புகள் திறக்கப்பட்டன என்றாலும் அவை கீழ்நிலைப் பணியாளரை உருவாக்கும் வகுப்புகளாகவே நடத்தப்பட்டன. உயர்ந்த மருத்துவம் ஆங்கிலத்துக்கு, கட்டுப் போடுவதும் மருந்து கலப்பதும் நாட்டு மொழிக்கு என்று ஒரு பங்கீடு உறுதிப்பட்டுவிட்டது. மானிப்பாயின் திட்டம் அந்தப் பங்கீட்டுக்கு நேர் எதிரானது. கிரேயின் உடற்கூறும் ட்ரூயிட்டின் அறுவை மருத்துவமும் தமிழில் வரவேண்டும் என்றால், தமிழில் படித்தவன் உதவியாளன் ஆகமாட்டான், மருத்துவனாகவே வருவான்.

மிஷனின் தலைமையிடமும் கேள்விகள் இருந்தன. மிஷனை நடத்திய அமெரிக்க போர்டின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் 1855-இல் யாழ்ப்பாணம் வந்து ஆராய்ந்ததன் தொடர்ச்சியாக வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. ஆங்கிலக் கல்வி மக்களை உத்தியோகத்துக்கு அனுப்புகிறது, சமயப் பணிக்கு அனுப்பவில்லை, ஆகவே நாட்டு மொழிக்குத் திரும்ப வேண்டும் என்பது அவருடைய வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் இது கிறீனுக்குச் சாதகம். உள்ளே பார்த்தால் அப்படியில்லை. போர்டுக்குத் தமிழ் தேவைப்பட்டது சுவிசேஷத்தைச் சொல்ல. கிறீனுக்குத் தமிழ் தேவைப்பட்டது சுவிசேஷத்தோடு வேதியியலையும் சொல்ல. ஒரு மிஷனரி எத்தனை ஆண்டுகளை இரசாயனப் பாடநூலுக்குச் செலவிடலாம் என்ற கேள்விக்கு எளிய விடை இல்லை. கிறீனும் தன்னை மதப்பணியாளராகவே எண்ணினார். அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டது தமிழருக்கான மருத்துவச் சுவிசேஷகர் என்ற அடையாளம். அவருடைய மருத்துவத் தொண்டையும் மதமாற்ற நோக்கத்தையும் பிரித்துப் பேசினால் அது நேர்மையான வரலாறாகாது.

அவரிடம் இன்னொரு குறையும் இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு மருத்துவம் புதிதன்று. யாழ்ப்பாண மன்னர்களான ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் செகராசசேகர வைத்தியமும் பரராசசேகரமும் தலைமுறை தலைமுறையாக, நாட்டு வைத்தியர்களான பரியாரிமார் குடும்பங்களில் ஏடுகளாக வழங்கின. கிறீன் அந்த மரபைச் சமமான அறிவாக மதிக்கவில்லை. அதை அகற்றப்பட வேண்டியதாகவே கண்டார். ஆனால் அவருக்குத் தேவைப்பட்ட சொற்கள் அங்கேதான் இருந்தன. அங்காதிபாதம் என்ற சொல்லே பழைய மருத்துவ ஏடுகளில் வழங்கிய சொல். அறுவை நூலுக்கு இட்ட ‘இரண வைத்தியம்’ என்ற பெயருக்கு யாழ்ப்பாணத்தவர் எவருக்கும் விளக்கம் தேவையில்லை. கிறீன் மதிக்க மறுத்த பரியாரிமாரின் மொழி அவருடைய நூல்களின் முகப்பிலேயே நிற்கிறது.

சொல் விடயத்தில் மானிப்பாய்க்கு வேறொரு பேறும் இருந்தது. இந்த ஊரில் 1842-இல் சந்திரசேகர பண்டிதரின் அகராதி அச்சாகியிருந்தது. மானிப்பாய் அகராதி என்றே அதற்குப் பெயர். நல்லூரில் யோசப் நைற் தொடங்கி வைத்த சொற்சேகரிப்பு, பல கைகள் மாறி, 67,000-க்கு மேற்பட்ட சொற்களோடு 1862-இல் வின்சுலோ அகராதியாகச் சென்னையில் வெளிவந்தது. 1841 முதல் ‘உதயதாரகை’ என்ற பத்திரிகை வந்துகொண்டிருந்தது. வண்ணார்பண்ணையில் 1848-இல், கிறீன் மருத்துவ வகுப்புத் தொடங்கிய அதே ஆண்டில், ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனரிகளை எதிர்க்கவே பாடுபட்ட நாவலர், பாடநூலுக்கும் விவாதத்துக்கும் ஏற்ற தெளிந்த உரைநடையைத் தமிழுக்குச் செதுக்கிக்கொண்டிருந்தார். சமய மேடையில் எதிரெதிராக நின்ற இரு தரப்பும் ஒன்றை மட்டும் சேர்ந்தே செய்தன. ஒரு சிறு குடாநாட்டில், முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள், அறிவுத் துறைகளைச் சொல்லக்கூடிய உரைநடைத் தமிழை அவை உருவாக்கின. கிறீன் வெறுங்கையோடு தொடங்கினார் என்று சொல்வது அந்த உழைப்பையெல்லாம் மறப்பதாகும்.

வேலை நடந்த முறையைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பின் முதல் வடிவத்தைப் பெரும்பாலும் கிறீனின் மாணவர்களே எழுதினார்கள். டன்வதர், சப்மன், வில்லியம் போல், சுவாமிநாதன் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். கிறீன் அதை மூலத்தோடு வைத்து ஒப்பிட்டுத் திருத்தினார். டன்வதர், சப்மன் என்ற பெயர்களைக் கண்டு இவர்கள் அமெரிக்கர் என்று எண்ணிவிடக் கூடாது. மிஷன் பள்ளிகளில் பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தாங்கிய அமெரிக்க நன்கொடையாளரின் பெயரைப் பிள்ளைக்கு இடும் வழக்கம் இருந்தது. இப்பெயர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். ஆங்கில நூலைத் திறந்துவைத்து, அதுவரை எவரும் தமிழில் சொல்லாத ஒரு நரம்பின் பாதையை, ஓர் எலும்பின் விளிம்பைத் தமிழ் வாக்கியத்தில் அமர்த்தியவர்கள் இவர்கள்தாம். பகலில் நோயாளர், வகுப்பு. மிச்ச நேரத்தில் மொழிபெயர்ப்பு.

அவர்கள் கையாண்ட வழி பிடிவாதமானதன்று. கண்ணுக்குத் தெரிகிற உறுப்புக்கும் மக்கள் அறிந்த நோய்க்கும் வழக்கிலிருந்த சொல்லை எடுத்தார்கள். நுண்ணிய கருத்துக்கு அக்காலப் புலமையின் பழக்கப்படி வடமொழித் தொடர்களை ஆக்கினார்கள். இரண்டும் உதவாத இடத்தில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு வளைத்துக்கொண்டார்கள். வெல்ஸ் எழுதிய வேதியியல் நூல் 1875-இல் ‘கெமிஸ்தம்’ என்ற பெயரில் வந்தது இந்த மூன்றாம் வழிக்குச் சான்று. தூய்மை நாடும் இன்றைய வாசகருக்கு அது உறுத்தலாம். ஆனால் வகுப்பு மறுநாள் காலையில் இருக்கிறது, மாணவன் காத்திருக்கிறான் என்ற நிலையில் சொல்லுக்காகப் பாடத்தை நிறுத்திவைக்க அவர்களால் இயலாது. உடற்றொழிலியல், மருந்தியல் முதலிய துறைகளுக்குத் தனித்தனி ஆங்கில–தமிழ்ச் சொற்பட்டியல்களையும் அச்சிட்டார்கள். பின்னால் வருபவன் அதே சொல்லை மறுபடி தேடி அலையக் கூடாது என்ற முன்யோசனை அதில் தெரிகிறது.

நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ட்ரூயிட்டின் நூல் ‘இரண வைத்தியம்’ ஆக 1867-இல் மானிப்பாயில் அச்சானது. 1872-இல் ‘மனுஷ அங்காதிபாத’த்தோடு ஹூப்பரின் பொது மருத்துவக் கையேடு ‘வைத்தியாகரம்’ என்ற பெயரில் வந்தது. சில நூல்களை நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகத்தில் பதிப்பித்தார்கள். டோல்ற்றனின் உடற்றொழில் நூல் 1883-இல் ‘மனுஷ சுகரணம்’ ஆயிற்று. எல்லாவற்றையும் கூட்டினால் 4,000 பக்கத்துக்கு மேல். அறுவை, மகப்பேறு, உடற்கூறு, உடற்றொழில், பொது மருத்துவம், வேதியியல், மருந்தியல்: ஒரு மருத்துவக் கல்லூரிக்கு அன்று வேண்டியிருந்த ஏறக்குறைய எல்லாத் துறையும் இதில் அடங்கிவிடுகிறது. தமிழில் மருத்துவத்தைச் சொல்ல முடியாது என்று வாதிட்டவருக்குக் கிறீன் எழுதிய மறுப்புக் கட்டுரை எதையும் நாம் தேட வேண்டியதில்லை. இந்த வரிசையே மறுப்பு.

கிறீனிடம் பயின்று வெளியேறியவர்கள், ஆங்கில வகுப்பையும் தமிழ் வகுப்பையும் சேர்த்து, அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். அரசாங்க அதிபர் டைக் முன்னின்று 1850-இல் தொடங்கிய நட்புதவிச் சங்க ஆஸ்பத்திரியில், இன்றைய யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் முன்னோடியில், இவருடைய மாணவர்கள் பணியாற்றினார்கள். குடாநாட்டின் கிராமங்களில் தங்கி வைத்தியம் பார்த்தவர்களும் இருந்தார்கள். வாந்திபேதி மீண்டும் மீண்டும் தாக்கிய காலம் அது. குடிநீரைப் பற்றியும் துப்புரவைப் பற்றியும் மக்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லத் தெரிந்த மருத்துவன் ஊரில் ஒருவன் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எல்லோரையும் இந்த மருத்துவம் எட்டியது என்றும் சொல்ல முடியாது. மகப்பேற்று நூல் 1857-இலேயே தமிழில் வந்துவிட்டது, ஆனால் அதைப் படித்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பிரசவம் மருத்துவச்சியின் கையில் இருந்தது. ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்ட யாழ்ப்பாணத்துப் பெண்கள் முன்வருவது அரிது. இணுவிலில் பெண்களுக்கான மக்கிளியட் ஆஸ்பத்திரி 1898-இல் வந்த பிறகுதான் அந்தக் கதவு மெல்லத் திறந்தது. மொழித் தடையைத் தாண்டிய திட்டம் ஆண், பெண் என்ற தடையின் முன் நாற்பது ஆண்டு காத்துநின்றது. சாதித் தடையைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். மிஷன் பள்ளிகளில் படித்து மேலே வந்தவர்கள் பெரும்பாலும் காணியும் செல்வாக்கும் ஓரளவு உள்ள குடும்பங்களின் பிள்ளைகளே.

கிறீன் 1873-இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனார். திரும்பி வரவில்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. வூஸ்டரில் இருந்தபடியே தமிழ் மொழிபெயர்ப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தார். கையெழுத்துப் படிகளும் திருத்தங்களும் கடல் கடந்து போய்வந்தன. கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அப்படி அச்சேறியவை. யாழ்ப்பாணத்தில் அவருடைய மாணவர்களே சில ஆண்டுகள் வகுப்பை நடத்தினார்கள். தலைவர் போன பின் பள்ளியைத் தாங்கி நின்ற இந்த ஆண்டுகளை வரலாறு ஒரு வரியில் கடந்துவிடுகிறது. எனக்கு அதுவே இந்தக் கதையின் கனமான பகுதியாகத் தோன்றுகிறது. கிறீனுக்குப் பின்னால் ஒரு மிஷன் இருந்தது, திரும்பிப் போக ஒரு கிறீன் ஹில் இருந்தது. உத்தியோகச் சந்தையில் மதிப்பில்லாத மொழியில், நன்கொடை குறைந்த மிஷனில், தங்கள் சகபாடிகள் கொழும்பிலும் மலைநாட்டிலும் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டே மானிப்பாயில் கற்பித்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. யார் அதிகம் இழந்து அதிகம் நிலைத்தார்கள் என்று கேட்டால், விடை அந்தப் பக்கம்தான் சாய்கிறது. கிறீன் 1884 மே 28-இல் இறந்தார். அதற்குள் தமிழ்வழி மருத்துவ வகுப்பும் அடங்கிவிட்டிருந்தது. மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குப் புத்துயிர் தந்த டொக்டர் ஸ்கொற் வந்தது 1893-இல்.

ஏன் அடங்கியது? ஊக்கம் குறைந்ததாலா? இதற்கு வெளியுலகம் ஒரு விடை தருகிறது. 1774-இல் யப்பானில் சுகிதா கென்பாக்கு என்ற மருத்துவரும் நண்பர்களும் அரைகுறை டச்சு அறிவோடு ஓர் உடற்கூற்று நூலை மொழிபெயர்த்தார்கள். அவர்களுடைய நிலை மானிப்பாய் மாணவர் நிலையைவிட மோசமானது. கேட்டுத் தெளிய ஒரு கிறீன்கூட அவர்களுக்கு இல்லை. ஆனால் அவர்கள் தொடங்கிய மரபைப் பிற்காலத்தில் யப்பானிய அரசு தன் பள்ளிகளுக்குள் ஏற்றுக்கொண்டது; யப்பானிய மொழியில் மருத்துவம் படித்தவனுக்கு அந்த நாட்டிலேயே பதவி இருந்தது. பெய்ரூத்தில், அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய சிரியப் புரட்டஸ்தாந்துக் கல்லூரியில், 1867 முதல் மருத்துவம் அரபு மொழியில் கற்பிக்கப்பட்டது. கொர்னீலியஸ் வான் டைக் கிறீனைப் போலவே அரபில் பாடநூல்களை எழுதிக் குவித்தார். 1880-களில் அதுவும் ஆங்கிலத்துக்கு மாறியது. ஐதராபாத்தில் 1918-இல் நிறுவப்பட்ட உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உருதுவில் கற்பித்தது. நிசாமின் அரசு இருந்தவரை அது நின்றது, 1948-க்குப் பிறகு நிலைக்கவில்லை. மானிப்பாயையும் பெய்ரூத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மாணவன் ஆரம்பத்தில் எழுப்பிய சந்தேகம் இறுதிவரை சரியாகவே இருந்தது. தமிழால் மருத்துவத்தைச் சொல்ல முடியுமா என்ற சந்தேகத்துக்கு 4,000 பக்கம் விடை கொடுத்தது. தமிழில் படித்தவனுக்கு யார் வேலை தருவார் என்ற சந்தேகத்துக்கு மானிப்பாயால் விடை கொடுக்க முடியவில்லை. அது ஒரு கிராமமோ ஒரு மிஷனோ கொடுக்கக்கூடிய விடையுமன்று.

நம்பிக்கையற்றவர்கள் சொன்னதெல்லாம் பொய்யாகிப் போனது என்று முடியும் வெற்றிக் கதைகளை நாம் விரும்புகிறோம். பிள்ளைகளுக்குப் பரிசளிப்பு விழாக்களில் அவற்றைத்தான் சொல்கிறோம். கிறீனின் கதையை அப்படிச் சொல்ல முடியாது. அதனாலேயே அது அதிகம் பயனுள்ளது என்று நான் கருதுகிறேன். ஒரு பெரிய இலக்கை எடுத்தவர்கள், சந்தேகங்களைத் தரம்பிரித்து, தம் கையால் தீர்க்கக்கூடியதைத் தீர்த்தார்கள்; தீர்க்க இயலாததன் முன் நின்றுபோனார்கள். தீர்த்த பகுதி அழியவில்லை.

அழியவில்லை, ஆனால் பயன்படுத்தப்படவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையில் சுயமொழிக் கல்வி வந்தபோது அறிவியல் பாடநூல்களுக்குத் தமிழ்ச் சொற்கள் மீண்டும் வேண்டியிருந்தன. அப்போது நிலைபெற்றவை உடற்றொழிலியல், இரசாயனவியல் போன்ற சொற்கள். சுகரணமும் கெமிஸ்தமும் வழக்கிறந்தன. சொல் மாறுவது இயல்பு, மாறியவை பலவிதத்தில் தெளிவானவையும்கூட. கவலை தருவது வேறொன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே குடாநாட்டில் இதே வேலையைச் செய்தவர்கள் எந்தச் சொல்லை ஏன் எடுத்தார்கள், எதை ஏன் விட்டார்கள் என்ற அனுபவம் கைமாறவே இல்லை. பள்ளிக்கூட அறிவியல் தமிழுக்கு வந்தது; மருத்துவம் வரவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978-இல் தொடங்கியது. போரின் நடுவிலும் மருத்துவர்களை உருவாக்கிக்கொண்டே இருந்த அந்தப் பீடத்தின் உறுதி தனியே எழுதப்பட வேண்டியது. அங்கும் பாடமொழி ஆங்கிலமே.

அதை மாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. இன்றைய மருத்துவ ஆய்வின் வேகத்தோடு ஒரு மாணவன் ஓட ஆங்கிலம் வேண்டும். ஆனால் கிறீனின் இலக்கில் இன்னொரு பாதி இருந்தது: நோயாளிக்கு விளங்க வேண்டும். அந்தப் பாதிக்கு ஆங்கிலத்தால் விடை இல்லை. நீரிழிவோ சிறுநீரக நோயோ வந்த ஒருவர் மந்திகையிலோ தெல்லிப்பழையிலோ மருத்துவரைக் கண்டு திரும்பும்போது கையிலிருக்கும் குறிப்பேட்டில் நோயின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது. மருத்துவர் தமிழில்தான் பேசியிருப்பார். ஆனால் அந்தப் பேச்சுக்கு வேண்டிய சொற்களைப் பல்கலைக்கழகம் அவருக்கு முறையாகக் கற்பிக்கவில்லை. அவரவர் தம் அனுபவத்தில் திரட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் திரட்டியது இன்னொருவருக்குப் போவதில்லை.

நூலகம் நிறுவனம் போன்ற எண்ணிம ஆவணகங்களின் உழைப்பால் பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணப் பதிப்புகள் பல இன்று திரையில் படிக்கக் கிடைக்கின்றன. மானிப்பாய்ச் சொற்பட்டியல்களையும், பின்னர் அரசு வகுத்த கலைச்சொற்களையும், பரியாரிமார் ஏடுகளின் சொற்களையும், வெளிநோயாளர் பிரிவில் இன்று மக்கள் வாயில் வழங்கும் சொற்களையும் அருகருகே வைத்து ஒரு மருத்துவக் கையகராதி ஆக்கலாம். மருத்துவரும் தாதியரும் தமிழாசிரியரும் சேர்ந்தால் சில ஆண்டில் முடியும் வேலை. மருத்துவ மாணவர் ஆங்கிலத்தில் பரீட்சை எழுதட்டும். நோயாளியிடம் தமிழில் விளக்கும் திறனும் அந்தப் பரீட்சையில் புள்ளி பெறட்டும். டன்வதரும் சப்மனும் போலும் சுவாமிநாதனும் மின்விளக்கு இல்லாத காலத்தில் இதைவிடப் பல மடங்கு பெரிய வேலையைச் செய்து முடித்திருக்கிறார்கள்.